துளையும் கையும்: ஒரு விளையாட்டுப் பலகையின் வரலாறு

பொருள்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கண்முன் இருப்பதைப் பற்றியே எழுதுகிறார்கள். ஏர், கத்தி, கடிகாரம், அச்சுப்பொறி என்று அந்த வரிசை நீளும். ஒரு பொருளிலிருந்து அகற்றப்பட்ட பகுதியைப் பற்றி, அதாவது துளையைப் பற்றி, எழுதுவோர் மிகக் குறைவு. ஆயினும் புல்லாங்குழலை மூங்கிலிலிருந்து வேறுபடுத்துவது துளைதான். ஊசியைக் கம்பியிலிருந்து பிரிப்பதும் அதுவே. எங்கே, எந்த அளவில், எத்தனை துளைகள் என்று முடிவு செய்கிறவனே பொருளின் பயனையும் முடிவு செய்கிறான்.

இக்கட்டுரை மிகச் சிறிய ஒரு துளையைப் பற்றியது. அதன் விட்டம் 30 மில்லிமீட்டர். சில நாடுகளில் 28. கடந்த கால் நூற்றாண்டுக்கும் மேலாக, உலகின் பல நகரங்களில், வீட்டுக் கொல்லையிலும் கார் நிறுத்தும் கொட்டகையிலும் சிலர் பிளாஸ்டிக் தகடுகளில் இந்தத் துளையை இட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தகட்டுக்கு ஆறோ எட்டோ துளைகள். அவற்றில் பொத்தான்களைப் பொருத்தி, பக்கத்தில் ஒரு ஜாய்ஸ்டிக்கை நட்டு, கீழே ஒரு சிறிய மின்சுற்றுப் பலகையை இணைத்தால் பழைய ஆர்கேட் கூடங்களில் இருந்ததைப் போன்ற விளையாட்டுக் கருவி ஒன்று கிடைத்துவிடுகிறது. ஆர்கேட் என்பது காசு போட்டு நின்றபடி ஆடும் மின்னணு விளையாட்டு இயந்திரங்கள் வரிசையாக வைக்கப்பட்ட கூடம்.

கடைகளில் ஆலைத் தயாரிப்பாகவே இத்தகைய கருவிகள் கிடைக்கும்போது ஏன் ஒருவர் தகட்டை வாங்கி, டிரில்லை எடுத்து, தகடு விரிசல் விட்டுவிடுமோ என்ற அச்சத்தோடு இதைச் செய்ய வேண்டும்? பழைய நாள் ஏக்கம், சிக்கனம், பொழுதுபோக்கு என்று விடைகள் உண்டு. அவை பொய்யல்ல, முழுமையுமல்ல. இந்தத் துளையில் மூன்று வரலாறுகள் வந்து சேர்கின்றன: துளைக்கும் கருவியின் வரலாறு, துளைபடும் பொருளின் வரலாறு, துளையைத் தேடி வரும் கையின் வரலாறு. மூன்றையும் தொட்டுப் பார்த்த பிறகே அந்தக் கேள்விக்கு விடை தேட முடியும்.

*

தமிழில் பலகையில் இடும் துளைக்குத் தமர் என்றொரு சொல் உண்டு. அத்துளையை இடும் கருவியையும் அதே சொல் குறிக்கும். செயலின் விளைவும் செயலுக்கான கருவியும் ஒரே பெயரில் நிற்பது, தச்சர் வாழ்வில் இவ்விரண்டும் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதைக் காட்டுகிறது. துரப்பணம் என்பது இன்னொரு சொல். இன்று பட்டறையில் யாரும் இவற்றைச் சொல்வதில்லை. டிரில் என்கிறார்கள், பிட் என்கிறார்கள். நானும் அவ்வாறே எழுதுகிறேன்.

துளையிடுதல் மனிதனின் மிகப் பழைய தொழில்நுட்பங்களில் ஒன்று. இன்றைய பாகிஸ்தானின் பலூசிஸ்தானத்தில் உள்ள மெஹர்கரில் 9,000 முதல் 7,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழிகளில், துளையிடப்பட்ட 11 கடைவாய்ப் பற்கள் கண்டெடுக்கப்பட்டன. ஒன்பது பேருடைய பற்கள் அவை. தீக்கல் முனை பொருத்திய வில் துரப்பணத்தால் உயிரோடு இருந்தவர்களின் பற்களில் இடப்பட்ட துளைகள் என்று 2006-இல் வெளியான ஆய்வு கூறியது. மணிகளைத் துளைக்கப் பழகிய கை பற்களையும் துளைத்திருக்கிறது.

அங்கிருந்து 19-ஆம் நூற்றாண்டு வரை, அடிப்படையில் மாற்றம் மெதுவாகவே வந்தது. வில்லின் கயிறு முன்னும் பின்னும் இழுக்கப்பட, கோல் இருபுறமும் சுழன்றது. தட்டையான முனை சுரண்டியது. சுரண்டிய தூள் துளைக்குள்ளேயே அடைந்தது. அந்த அடைப்பைத் தீர்த்தவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஸ்டீவன் மோர்ஸ். 1863-இல் அவர் காப்புரிமை பெற்ற பிட்டில், உடல் முழுதும் இரண்டு பள்ளங்கள் திருகாக ஏறின. முனை வெட்ட வெட்டச் சீவல்கள் அப்பள்ளங்களின் வழியே தாமாகவே மேலேறி வெளியே வந்து விழுந்தன. இன்று எந்த இரும்புக் கடையில் பிட் கேட்டாலும் எடுத்துத் தருவது இந்த வடிவத்தைத்தான். 1874-இல் பெஞ்சமின் ஃபார்ஸ்ட்னர், மரத்தில் அகன்ற, அடி தட்டையான துளை இட இன்னொரு வகைப் பிட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் துப்பாக்கி செய்யும் தொழில் தெரிந்தவர். வீட்டில் ஆர்கேட் பலகை செய்கிறவர்கள் பலர் மரப்பலகைக்கு இன்றும் அவருடைய பெயர் தாங்கிய பிட்டையே நம்புகிறார்கள்.

சுழற்றும் விசையின் கதை இதற்கு இணையாக ஓடுகிறது. 1889-இல் மெல்போர்னில் ஆர்தர் ஆர்னாட், வில்லியம் பிரெய்ன் இருவரும் மின்சாரத் துளைகருவிக்குக் காப்புரிமை பெற்றனர். 1895-இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் வில்ஹெல்ம் ஃபைனின் நிறுவனம் கையில் தூக்கிச் செல்லத்தக்க மின் டிரில்லைச் செய்தது. 1917-இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம், கைத்துப்பாக்கியின் பிடியும் விசையும் கொண்ட டிரில்லுக்குக் காப்புரிமை பெற்றது. போர் முடிந்த 1946-இல் அதே நிறுவனம் வீட்டுப் பயன்பாட்டுக்கென்றே டிரில்களை விற்கத் தொடங்கியது. ஆலைத் தொழிலாளியின் கருவி குடும்பஸ்தனின் அலமாரிக்கு வந்த ஆண்டு என்று அதைச் சொல்லலாம். வாரநாளில் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவன் ஞாயிற்றுக்கிழமை தச்சனாகும் வாழ்க்கைமுறை அமெரிக்காவில் பரவியதும் இதன் பின்னரே.

*

இனித் துளைபடும் பொருள். பிளாஸ்டிக் என்று நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுவது உண்மையில் ஒன்றுக்கொன்று ஒட்டாத இயல்புகள் கொண்ட பெரிய குடும்பம். 1907-இல் லியோ பேக்லேண்ட் உருவாக்கிய பேக்லைட் சூட்டில் இளகாது. அதற்குப் பின் வந்த பலவும் சூட்டில் இளகும். ஆர்கேட் பலகை செய்கிறவருக்கு முக்கியமானவை இரண்டு: அக்ரிலிக், பாலிகார்பனேட்.

அக்ரிலிக்கின் கதை ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானிய வேதியியலரோடு தொடங்குகிறது. 1901-இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு அக்ரிலிக் அமிலத்தின் வழிப்பொருள்களைப் பற்றியது. ஆனால் 1907-இல் ஓட்டோ ஹாஸுடன் சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனம் முதலில் விற்றது கண்ணாடி போன்ற எதையும் அல்ல. தோல் பதனிடும் நொதி ஒன்றை. அதுவரை அந்த வேலைக்கு நாயின் மலம் பயன்பட்டு வந்தது. அதை ஒழித்த பொருளின் வருமானத்தில் வளர்ந்த நிறுவனத்திலிருந்துதான் 1933-இல் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் பளிங்கு போன்ற தகடு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ரோலண்ட் ஹில், ஜான் கிராஃபர்ட் ஆகியோரின் உழைப்பில் அதே பொருள் பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயரில் உருவானது.

இரண்டாம் உலகப் போரில் இரு தரப்பு விமானங்களின் கூண்டுகளுக்கும் இத்தகடே கண்ணாடியாயிற்று. அந்தக் கூண்டு உடைந்து, அதன் சிதறல்கள் விமானிகளின் கண்ணுக்குள் புகுந்தன. லண்டன் கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி, அச்சிதறல்கள் கண்ணுக்குள் கிடந்தும் அழற்சியை உண்டாக்கவில்லை என்பதைக் கவனித்தார். 1949 நவம்பர் 29 அன்று புனித தாமஸ் மருத்துவமனையில், கண்புரை அகற்றிய கண்ணுக்குள் அதே பொருளால் ஆன வில்லையைப் பொருத்தினார். இன்று நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் கண்புரை அறுவைக்குப் பின் உலகத்தைப் பார்ப்பது இக்கவனிப்பின் வழியாகத்தான். போர் முடிந்ததும் தேவை குறைந்த அக்ரிலிக் கடைப் பலகைகளுக்கும் விளக்கு மூடிகளுக்கும் அலங்காரப் பொருள்களுக்கும் வந்தது. விளையாட்டு இயந்திரங்களின் முகப்புக்கும் அவ்வழியே வந்து சேர்ந்தது.

பாலிகார்பனேட் பிந்தையது. 1953-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெலும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே அதைக் கண்டறிந்தனர். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். டிரில்லை வைத்தால்தான் வேற்றுமை தெரியும். பாலிகார்பனேட் வளையும், தாங்கும், எளிதில் உடையாது. ஆனால் நகம் பட்டாலும் கீறல் விழும். அக்ரிலிக் கீறலை அதற்கு மேலாகத் தாங்கும், பளபளப்பு மாறாது. ஆனால் கோபம் வந்தால் நட்சத்திரமாய்ச் சிதறும்.

ஏன் சிதறுகிறது? மோர்ஸின் பிட் உலோகத்துக்காகப் பிறந்தது. அதன் வெட்டுவாய் முன்னோக்கிச் சாய்ந்த கூர்மை உடையது; பொருளுக்குள் தானே இழுத்துக்கொண்டு நுழையும். எஃகு அந்த இழுப்பை எதிர்த்து நிற்கும். அக்ரிலிக்கில், பிட்டின் முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கும் கணத்தில் எதிர்ப்பு சட்டென்று மறைகிறது. பிட் திருகாணியைப் போலத் தகட்டைக் கவ்வி மேலே தூக்குகிறது. தகடு அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் துளையின் விளிம்பிலிருந்து வெடிக்கிறது. இரண்டாவது எதிரி சூடு. ஏறத்தாழ 105 பாகை செல்சியஸில் அக்ரிலிக் இளகத் தொடங்கும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் வெப்பத்தைக் கடத்தும் திறன் அதற்கு ஆயிரத்தில் ஒரு பங்குதான். உராய்வில் பிறந்த சூடு போக வழியின்றி அங்கேயே தேங்கும். சீவல்கள் உருகிப் பிட்டில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே அக்ரிலிக்குக்கென்று செய்யப்படும் பிட்டுகளில் முனைக்கோணம் வழக்கமான 118 பாகைக்குப் பதிலாக 60 முதல் 90 பாகை வரை இருக்கும். வெட்டுவாய் கவ்வாமல் சுரண்டும்படி தட்டையாக்கப்பட்டிருக்கும். எங்கள் ஊரில் பெயர்ப்பலகை செய்யும் தொழிலாளி ஒருவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவர் எந்தப் பொறியியல் கையேட்டையும் படித்தவரல்லர். "புது பிட்ட அப்படியே வைக்க மாட்டேன் சார். கல்லுல ரெண்டு தேய் தேச்சு வாய மழுக்கிட்டுத்தான் வைப்பேன். கூரா இருந்தா கடிச்சு இழுத்துரும்" என்றார். கருவி கூராக இருப்பதே திறமை என்று நினைத்துப் பழகிய நமக்கு, மழுக்குவதும் ஒரு தொழில்நுட்பம் என்பது புதிய பாடம். மெஹர்கரின் தீக்கல் முனையும் கவ்வாமல் சுரண்டியதுதான்.

*

இனிக் கை. 1971-இல் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி இருவரும் உருவாக்கிய 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' என்ற இயந்திரம், காசு போட்டு ஆடும் மின்னணு விளையாட்டாக விற்பனைக்கு வந்தவற்றுள் முதல் வரிசையில் நிற்பது. வளைந்து நெளிந்த கண்ணாடியிழை உடல், முன்புறம் சில பொத்தான்கள். மறு ஆண்டு வந்த 'பாங்'கில் ஒருவருக்கு ஒரு குமிழ் மட்டும். திருப்பினால் மட்டை ஏறும், இறங்கும். அதுவே போதுமானதாக இருந்தது.

பொத்தானும் கோலும் எத்தனை, எங்கே என்பதில் அப்போது எந்த மரபும் இல்லை. ஒவ்வொரு விளையாட்டும் தனக்கான துளைகளைத் தானே தேர்ந்தது. அட்டாரியின் 'அஸ்டிராய்ட்ஸ்' (1979) விளையாட்டில் கோலே கிடையாது. இடம் திரும்ப, வலம் திரும்ப, சுட, உந்த, மறைய என்று ஐந்து பொத்தான்கள். நாம்கோவின் 'பேக்-மேன்' (1980) இதற்கு நேர் எதிர்: ஆடுவதற்கு ஒரே ஒரு கோல், பொத்தானே இல்லை. 'டிஃபெண்டர்' மேலும் கீழும் மட்டும் அசையும் ஒரு கோலையும் ஐந்து பொத்தான்களையும் வைத்து ஆடுகிறவரைத் திணறடித்தது. 'ரோபோட்ரான்' (1982) இரு கைக்கும் இரண்டு கோல்களைத் தந்தது. பழைய ஆர்கேட் பலகைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், விளையாட்டுகளைத் திரையில் காணாமலேயே துளைகளைக் கொண்டு அடையாளம் சொல்லிவிடலாம்.

கோலின் மூலம் விமானத்தில் இருக்கிறது. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே விமானிகளின் பேச்சில் ஜாய்ஸ்டிக் என்ற சொல் புழங்கியது. 1926-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் மின்சார ஜாய்ஸ்டிக் ஒன்று உருவானது. ஆளில்லா விமானத்தைத் தொலைவிலிருந்து இயக்குவது நோக்கம். பொத்தானுக்கு அடியில் இருக்கும் 'டிக்' என்ற ஓசைக்கும் ஒரு மூலம் உண்டு. இலினாய் மாநிலத்தின் ஃப்ரீபோர்ட் நகரில் பீட்டர் மெக்கால் 1932-இல் உருவாக்கிய மைக்ரோ சுவிட்ச் அது. மிகச் சிறிய அசைவில், ஒரு வளைந்த தகடு சட்டென்று புரண்டு தொடர்பை ஏற்படுத்தும். பொத்தான் அழுந்தியதா என்று கண்ணால் பார்க்க வேண்டியதில்லை; விரலே அறியும், காதும் அறியும். போர்க்கருவிக்கும் தொழிற்சாலைக்கும் பிறந்த உறுப்புகள் விளையாட்டில் வந்து இளைப்பாறின.

மரபு பிறந்தது ஒரு தோல்வியிலிருந்து. 1987-இல் கேப்காம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டின் முதல் வடிவத்தில், ஆடுகிறவருக்கு இரண்டு பெரிய ரப்பர் மெத்தைகளை வைத்தது. ஒன்று குத்துக்கு, ஒன்று உதைக்கு. எவ்வளவு பலமாக அடிக்கிறோமோ அவ்வளவு பலமான அடி திரையில் விழும். எண்ணம் அழகானது. நடப்பில் கைகள் நொந்தன, மெத்தைகள் பழுதாயின. ஆகவே பலத்தை அளப்பதை விட்டுவிட்டு, மெல்லிய, நடுத்தர, வன்மையான என்று குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று, ஆக ஆறு பொத்தான்கள் கொண்ட பலகை வந்தது. மேல் வரிசையில் மூன்று துளை, கீழ் வரிசையில் மூன்று துளை. 1991-இல் வந்த இரண்டாம் பாகம் உலகெங்கும் ஆர்கேட் கூடங்களை நிரப்பியபோது, அந்த ஆறு துளைகள் ஓர் இலக்கணமாயின. உடலின் விசையைத் துளைகளின் எண்ணிக்கையாக மொழிபெயர்த்த இலக்கணம் அது.

இலக்கணம் ஒன்றானாலும் வட்டார வழக்கு இரண்டாயிற்று. ஜப்பானில் சான்வா, செய்மிட்சு போன்ற நிறுவனங்களின் பொத்தான்கள் 30 மில்லிமீட்டர் துளையில் அமரும். ஆட்டம் தொடங்கும் பொத்தானுக்கு 24. மென்மையாய்த் தொட்டாலே போதும். கோலின் தலையில் உருண்டை. அமெரிக்காவில் துளை ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். பொத்தான் குழிந்தது, நீண்டு அழுந்துவது. கோலின் தலை மட்டை போன்றது. ஜப்பானில் பெரும்பாலும் அமர்ந்து ஆடும் இயந்திரங்கள். பலகை மெல்லிய உலோகத் தகடு. அமெரிக்காவில் நின்று ஆடும் மரப்பெட்டிகள், பலகை தடித்தது. ஆகவே பொத்தானின் கழுத்து நீளமும் வேறாயிற்று. இந்த இரண்டு மில்லிமீட்டர் வேற்றுமையைப் பார்க்காமல் துளையிட்டவர்களுக்கு உலகமயமாதலின் எல்லை எங்கே என்று தெரிந்திருக்கும்.

எந்தக் கை எதைப் பிடிப்பது என்பதும் இயல்பாக அமைந்ததல்ல. வீடுகளுக்கு வந்த அட்டாரிப் பெட்டியின் கோலில் பொத்தான் இடது மூலையில் இருந்தது. பிடித்து ஆட்டியது வலக்கை. ஆர்கேட் பலகை மரபோ கோலை இடப்பக்கம் வைத்தது. இன்று கோடிக்கணக்கானோர் திசையை இடக்கையால் தீர்மானிக்கிறார்கள் என்றால் காரணம் அவர்களுடைய உடலன்று. யாரோ எங்கோ இட்ட துளை.

*

1990-களின் பிற்பகுதியில் மேற்கு நாடுகளில் ஆர்கேட் கூடங்கள் வேகமாகத் தேய்ந்தன. வீட்டுக் கருவிகளின் ஆற்றல் கூடங்களை எட்டிவிட்டது. அதே வேளையில், 1997 பிப்ரவரியில் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 'மேம்' என்ற நிரலை வெளியிட்டார். பழைய ஆர்கேட் இயந்திரங்களின் மின்சுற்றுகள் நடந்துகொண்ட விதத்தைக் கணினிக்குள் அப்படியே நடித்துக் காட்டும் நிரல். அழிந்துகொண்டிருந்த இயந்திரங்களின் விளையாட்டுகள் வீட்டுக் கணினியில் மீண்டும் ஓடின.

ஓடியபோதுதான் ஒரு குறை தெரிந்தது. திரை திரும்பி வந்தது, ஓசை திரும்பி வந்தது, கை திரும்பவில்லை. தட்டச்சுப் பலகையில் ஆடிய 'பேக்-மேன்' அதே விளையாட்டாக இல்லை. ஓலைச்சுவடியில் இருந்த பாடலை அச்சில் ஏற்றிவிட்டோம், ஆனால் அதைப் பாடிய பண்ணை இழந்துவிட்டோம் என்பதைப் போன்றது இது. சொல் கிடைத்துவிட்டது, உடம்பு கிடைக்கவில்லை. அந்த உடம்பைத் தேடியவர்கள்தான் டிரில்லைக் கையில் எடுத்தார்கள். 2004-இல் ஜான் செயின்ட் கிளேர் எழுதிய 'புராஜெக்ட் ஆர்கேட்' என்ற நூல் முழுக்க முழுக்க இந்த வேலைக்கான கையேடாகவே வந்தது என்றால், இது சிலருடைய தனிப்பட்ட பித்து மட்டுமல்ல என்பது விளங்கும்.

வேலையின் முறை இது. முதலில் துளைகளின் வரைபடத்தைத் தாளில் உண்மை அளவில் அச்சிட்டு, கையை அதன் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். வலக்கை விரல்கள் சம நீளமுள்ளவை அல்ல. ஆகவே மூன்று துளைகளும் நேர்கோட்டில் நிற்காமல் சற்றே வளைந்து நிற்பதைப் பலர் விரும்புகிறார்கள். பிறகு தாளைத் தகட்டின் மேல் ஒட்ட வேண்டும். அக்ரிலிக்கோடு வரும் பாதுகாப்புத் தாளை உரிக்கக் கூடாது. தகட்டுக்கு அடியில் ஒரு வேண்டாத மரப்பலகையை வைத்து இரண்டையும் சேர்த்து இறுக்க வேண்டும். பிட் மறுபக்கம் வெளிவரும்போது அதைத் தாங்கிக்கொள்வது அந்தப் பலகைதான். முதலில் சிறிய வழித்துளை. பிறகு கூம்பு வடிவில் படிப்படியாக அகலும் பிட், அல்லது வட்ட ரம்பம். மெல்ல இறக்க வேண்டும், அடிக்கடி தூக்கிச் சீவலை உதற வேண்டும், சூடேறினால் சோப்பு நீர் விட வேண்டும்.

துளை இட்ட பின்னும் எச்சரிக்கை முடிவதில்லை. வெட்டிய விளிம்பில் தங்கிவிட்ட இறுக்கம் கண்ணுக்குத் தெரியாது. ஆல்கஹால் கலந்த துடைப்பானால் துடைத்தால் போதும், மறுநாள் துளையைச் சுற்றிச் சிலந்திவலை போல நுண்விரிசல்கள் படரும். 300 மில்லிமீட்டர் நீளமுள்ள அக்ரிலிக் தகடு 20 பாகை செல்சியஸ் வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் நீளும். அதே நீள எஃகு 0.07 மட்டுமே. ஆகவே திருகாணித் துளையை ஆணியின் அளவைவிடச் சற்றுப் பெரிதாக இட வேண்டும். கோடைக்கு இடம் விட்டுத் துளைப்பது என்று இதைச் சொல்லலாம்.

*

இவ்வளவு பாடும் ஏன் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். ஆலை இடும் துளை ஒரு சராசரிக் கைக்கு இடப்படுவது. சராசரிக் கை என்று ஒன்று உலகில் எவருக்கும் இல்லை. பெரும்பாலோர் அதற்கு ஏற்பத் தம்மை வளைத்துக்கொள்கிறோம். வளைத்துக்கொண்டது நமக்கே தெரிவதில்லை. வளைக்க இயலாதவர்களுக்குத்தான் துளையின் அதிகாரம் புலப்படுகிறது. ஒரு கை இல்லாதவர், விரல் மடங்காதவர், தசை நலிந்தவர், முதுமையில் கை நடுங்குகிறவர் ஆகியோருக்கு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி என்பது கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்ற கேள்வி.

நிறுவனங்கள் இதை அறவே எண்ணாமல் இல்லை. 1989-இல் நிண்டெண்டோ, கைகளை இயக்க முடியாதவர்களுக்காக மார்பில் அணிந்து தாடையாலும் மூச்சாலும் இயக்கும் கருவி ஒன்றை வெளியிட்டது. ஆனால் பெரிய நிறுவனம் ஒன்று மீண்டும் இத்திசையில் பரவலாக விற்கும் கருவியோடு வர 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கருவியின் மேல் இரண்டு பெரிய அழுத்துத் தட்டுகள். பின்புறம் வரிசையாக 19 இணைப்புத் துளைகள். ஒவ்வொன்றிலும் அவரவர் உடலுக்கு ஏற்ற பொத்தானையோ மிதியையோ செருகிக்கொள்ளலாம். நிறுவனம் தந்தது ஒரு முடிந்த கருவியை அல்ல; பொத்தானை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் உரிமையை. வீட்டில் தகட்டைத் துளைத்தவர்கள் அந்த உரிமையை அதற்கு வெகு முன்பே தாமாக எடுத்துக்கொண்டார்கள். இடக்கையால் மட்டும் ஆடுகிறவருக்காக எல்லாத் துளைகளையும் ஒரு பக்கம் இடுவதற்கு எந்த நிறுவனத்தின் இசைவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு தகடும் ஒரு டிரில்லும் போதும்.

நலமுள்ள கைகளும் இதில் கற்றுக்கொண்டன. சண்டை விளையாட்டுகளின் போட்டியாளர்களில் ஒரு சாரார் கோலையே நீக்கிவிட்டு, திசைகளுக்கும் பொத்தான்களே வைத்த பலகைகளுக்கு மாறினார்கள். மணிக்கட்டுக்கு ஓய்வு, விரலுக்கு வேகம். இது நியாயமான அனுகூலமா என்று போட்டி அமைப்பாளர்கள் விதிகள் வகுக்க வேண்டியதாயிற்று. புதுமை என்று பேசப்பட்ட அந்தப் பலகையை 1979-இன் 'அஸ்டிராய்ட்ஸ்' பலகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கோலில்லாப் பலகை மரபுக்கு வெளியே வந்ததல்ல. மரபு உறையுமுன் இருந்த பல பாதைகளில் ஒன்று மீண்டும் திறந்தது.

இப்போது டிரில்லும் பின்வாங்குகிறது. பெல் ஆய்வகத்தில் 1964-இல் குமார் பட்டேல் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர் அவர். அந்தக் கதிரின் அலைநீளத்தை அக்ரிலிக் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். உருகி, ஆவியாகி, மெருகிட்டது போன்ற விளிம்போடு வட்டம் விழும். கவ்வுதல் இல்லை, வெடிப்பு இல்லை. பாலிகார்பனேட்டோ அதே கதிரில் மஞ்சளாகிக் கருகும். இரட்டையரின் வேற்றுமை இங்கும் வெளிப்படுகிறது. நகரங்களில் பெயர்ப்பலகைக் கடைகளிலேயே இந்த இயந்திரம் வந்துவிட்டது. துளை இப்போது ஒரு கணினிக் கோப்பு. ஒருவர் தம் கைக்கு வரைந்த துளைகளை உலகின் மறுகோடியில் இருப்பவர் தம் தகட்டில் வெட்டிக்கொள்ள முடியும்.

இதில் இழப்பும் உண்டு, ஆதாயமும் உண்டு. டிரில் நடுங்கும் அந்தக் கடைசிக் கணத்தின் அச்சம் போய்விட்டது. அதனோடு பொருளின் குணத்தை விரலால் அறியும் கல்வியும் போகிறது. ஆனால் டிரில்லைப் பிடிக்க முடியாத கைக்கும் துளை கிடைக்கும் வழி பிறந்திருக்கிறது. இரண்டில் எது பெரிது என்று கேட்டால், பின்னது என்றே சொல்வேன். யாருக்காகத் துளை வேண்டுமோ அவர்களில் பலர் டிரில்லைத் தூக்கும் நிலையில் இல்லாதவர்கள்.

2020-இன் இறுதியில் ஜப்பானின் சேகா நிறுவனம் தன் ஆர்கேட் கூடங்களின் பெரும்பங்கை விற்றது. 2022 ஜனவரியில் மீதியையும் விற்று வெளியேறியது. கூடங்களின் வாசலிலிருந்து அந்தப் பெயர்ப்பலகை இறங்கியது. அக்கூடங்கள் வளர்த்த 30 மில்லிமீட்டர் மட்டும் நிலைக்கிறது. உலகில் எங்கே ஒருவர் புதிதாகத் தகட்டை எடுத்தாலும் அந்த அளவையே குறித்துக்கொள்கிறார். அளவு மரபிலிருந்து வருகிறது. இடத்தை மட்டும் அவர் தம் கையை விரித்து வைத்துத் தேர்ந்துகொள்கிறார். யாப்பைப் பெற்றுக்கொண்டு தன் பாட்டை எழுதுகிறவன் செய்வதும் இதையேதான்.